இங்கிருந்து நாற்பத்தாறு

எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. நான் எழுதி, நானே அச்செடுத்து, நானே ஒட்டியது. அதன் முதல் வரி இது: "பெயர் இல்லாத இடத்துக்கு ஒருவரும் பாயக்கூடாது." புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். என்னோடு இரண்டு நாள் வேலை செய்த பிறகு சிரிப்பு நின்றுவிடும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்பது கீழே புத்தகம் விற்கிறவருக்குக்கூடத் தெரியும்.

யாழ்ப்பாண நகரத்தில் அந்தப் புத்தகக் கடையின் மேல்மாடியில் நாங்கள் நாலு பேர் இருக்கிறோம். எங்கோ ஒரு குளிர்நாட்டில் வயதானவர்களுக்கு ஓய்வூதியம் அனுப்புகிற ஒரு நிறுவனத்துக்காக வேலை செய்கிறோம். அவர்களிடம் இருப்பது மெயின்ஃபிரேம் என்கிற பெரிய கணினி. அதில் ஓடுகிற நிரல்கள் அசெம்பிளி மொழியில், நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்குவதற்கு முன்பே எழுதப்பட்டவை. அங்கே இப்போது அவற்றைத் தொட ஆளில்லை. எழுதியவர்களில் பாதிப் பேர் அதே நிரல் அனுப்புகிற ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறார்கள். மீதிப் பேர் இறந்துவிட்டார்கள். அதனால் வேலை கடல் தாண்டி எங்களிடம் வந்தது. நான் இந்த மொழியைக் கொழும்பில் ஒரு வங்கியில் பழகினேன். அப்பாவுக்குக் கண் போனபோது வேலையை விட்டுவிட்டுக் குருநகருக்குத் திரும்பினேன்.

இந்த மொழியில் ஒரு வரிக்கு எண்பது எழுத்துக்கு இடம். லேபல் இருந்தால் அது முதலாம் இடத்தில் தொடங்கவேண்டும். கட்டளை பத்தாம் இடத்தில், அதற்கு வேண்டியவை பதினாறாம் இடத்தில். பத்தும் பதினாறும் சட்டமில்லை, பழக்கம்தான். ஆனால் என் மேசைக்கு வருகிற நிரலில் அந்தப் பழக்கம் பிசகினால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். லேபல் என்பது நிரலுக்குள் ஓர் இடத்துக்கு வைக்கிற பெயர்; நிரல் வரிசையை விட்டு வேறிடத்துக்குப் பாயவேண்டுமானால் அந்தப் பெயரைச் சொல்லிப் பாயலாம். எட்டு எழுத்துக்குள் வைக்கவேண்டும். எங்களிடம் முதலெழுத்து எந்தப் பகுதி என்று சொல்லும். பின்னால் மூன்று இலக்கம், பத்துப் பத்தாகக் கூடிப் போகும். B110, B120, B130. நடுவில் ஒன்பது எண்கள் சும்மா கிடக்கும். நாளைக்கு இடையில் ஓர் இடம் வேண்டியிருந்தால் அதற்கும் பெயர் வைக்கலாம் அல்லவா, அதற்காக. லேபல் தனி வரியில் தனியாக நிற்கவேண்டும் என்பது இன்னொரு விதி. அப்படி நின்றால் அதற்குக் கீழே எதைச் சேர்த்தாலும், எதை எடுத்தாலும், இடம் இடமாகவே இருக்கும்.

பழைய ஆட்களில் சிலர் பெயர் வைக்கச் சோம்பல்பட்டார்கள். அவர்கள் *+10 என்று எழுதிவிட்டுப் போனார்கள். நட்சத்திரம் என்றால் நான் இப்போது நிற்கிற இடம். இங்கிருந்து பத்து பைட் தள்ளிப் போ என்று அதற்கு அர்த்தம். எழுதிய அன்று அது சரியாகத்தான் இருக்கும். பல வருடம் சரியாக இருக்கும். பிறகு யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தோடு இடையில் ஒரு வரியைச் சேர்ப்பார். நிரல் பழையபடி பத்தை எண்ணிப் பாயும். பாய்ந்து ஏதாவது ஒரு கட்டளையின் நடு வயிற்றில் விழும். இதில் கொடுமை என்னவென்றால், சேர்த்தவர் தன்னுடைய வரியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், அதில் ஒரு பிழையும் இருக்காது.

போன வருடம் எங்களில் ஒருத்திக்கு அது நடந்தது. உடுப்பிட்டியிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவள். தோட்டக்காரக் குடும்பம், இரண்டு பிள்ளைகளின் தாய், என்னைவிடப் பத்து வயது குறைவு. அவள் ஒரே ஒரு வரியைத்தான் சேர்த்தாள். மாத முடிவில் அங்கே நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. காரணத்தை நான்தான் தேடிப் பிடித்தேன். அவள் சேர்த்த வரிக்கு ஒரு வரி மேலே ஒரு *+10 இருந்தது. பிடித்ததோடு விட்டிருக்கலாம். விடவில்லை. எல்லாரும் இருக்க அவளைக் கூப்பிட்டு நிறுத்தினேன்.

"நான் போட்ட வரியிலை என்ன பிழை, அக்கா?" என்றாள்.

"வரியிலை பிழையில்லை. இடையிலை ஒண்டைச் செருக முதல், மேலை ஆரும் எண்ணிக்கொண்டு வாறானோ எண்டு பாக்கத் தெரியாதோ உமக்கு?"

"எண்ணுறவன் வாயைத் திறந்து சொல்லவேணுமெல்லோ. ஒரு பேர் வைச்சிருந்தால் நான் கண்டிருப்பன்."

"அவன் சொல்லமாட்டான். சொல்லமாட்டான் எண்டபடியாத்தான் நீர் பாக்கவேணும். கண் எதுக்கு இருக்கு?"

அன்று பின்னேரம் அவள் ஒருவரோடும் கதைக்காமல் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு போனாள். நான் சுவரில் இருந்த தாளில் முதல் வரிக்குக் கீழே தடித்த பேனையால் ஒரு கோடு இழுத்தேன். அந்தக் கோடு எனக்குத் திருப்தியாக இருந்தது. இதைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அது உண்மை.

அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் மீன் சந்தையில் ஏலம் கூறியவர். நாற்பது வருடத்துக்கு மேல் அதுதான் தொழில். கண்ணில் அழுத்தம் கூடி, கவனிக்காமல் விட்டு, பிறகு வைத்தியரிடம் போனபோது ஒரு கண் முழுதாகவும் மற்றது முக்காலும் போயிருந்தது. கொஞ்ச நாளில் மிச்சக் கால்வாசிப் பார்வையும் போய்விட்டது. அம்மா அதற்கு முன்பே செத்துப்போனதால் வீட்டில் அவரும் நானும்தான். கண் போன பிறகும் அவர் ஒவ்வொரு நாள் காலை ஆறு மணிக்குச் சந்தைக்குப் போவார். தனியாகப் போவார். தடி கொண்டு போகமாட்டார். தடியைக் கண்டால் ஆட்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள், தனக்கு அது தேவையில்லை என்பார். அங்கே ஏலம் கூறுகிற மேடைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து அவருக்கு வைத்திருந்தார்கள். அதில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். எட்டு மணிக்குத் திரும்பி வந்து, இன்றைக்கு ஒட்டி மீன் வந்தது, விளைமீன் வரவில்லை, இன்னார் இன்னாரோடு சண்டை, புதிதாக ஏலம் கூறுகிறவனுக்குத் தொண்டை காணாது என்று எனக்குச் சொல்வார். நான் வேலைக்கு வெளிக்கிட்டபடியே ஓம் ஓம் என்பேன்.

அந்த நடை ஒன்றுதான் அவரிடம் மிச்சமிருந்தது. அது போனால் அவர் போய்விடுவார் என்று எனக்குத் தெரியும். நான் செய்தது எல்லாம் அதைக் காப்பாற்றத்தான். இதை யாருக்கும் நிரூபிக்க வேண்டிய தேவை இல்லை, ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

நடக்கும்போது அவருடைய உதடு அசையும். வாசலில் தொடங்கும். நான் அதைச் செபமாலை என்று நினைத்தேன். குருநகரில் ஒரு வயதான மனிதர் விடியற்காலையில் உதட்டை அசைத்துக்கொண்டு தேவாலயப் பக்கம் நடந்தால் வேறு என்ன நினைப்பது? எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுகிய தெருவில், எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். சின்னப் பிள்ளைகள்கூட அவர் செபம் சொல்லி முடிக்கட்டும் என்று குறுக்கே ஓடாமல் நிற்பார்கள். கண் போன பிறகு மனிதர் நன்றாகப் பக்தியாகிவிட்டார் என்று நானே தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறேன். இளமையில் அவர் பூசைக்குப் பிந்தி வந்து வெளியில் நிற்கிற ஆள்.

எங்கள் வாசலில் இரண்டு படி. இரண்டும் உயரம், விளிம்பு தேய்ந்து வழுவழுப்பாக இருந்தன. அப்பா ஒவ்வொரு நாள் காலையும் அதில் இறங்கும்போது நான் யன்னலடியில் நின்று பார்ப்பேன். மயிலிட்டியில் தங்கச்சி கலியாணம் செய்து இருக்கிறாள். அங்கே கோயில் பெருநாளுக்கு அப்பாவை நாலு நாள் கூட்டிக்கொண்டு போனாள். நான் லீவு போட்டு மேசனைப் பிடித்தேன். பழைய படி இரண்டையும் உடைத்து, வாசல் நிலத்தை வெளியே நீட்டி, உயரம் குறைந்த மூன்று படி கட்டுவித்தேன். இரண்டு பக்கமும் பிடித்து இறங்கக் குழாய். மட்டம் பார்க்கிற பலகையை நானே வாங்கிப் பார்த்தேன். மேசன் ஒரு படியை விரலளவு கூட்டிவிட்டான். உடைத்துத் திருப்பிக் கட்டச் சொன்னேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன் என்றுதான் சொல்லவேண்டும். படிகளில் ஒரு பிழையும் இல்லை. இன்றைக்கும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அப்பா வந்தார். நான் கையைப் பிடித்து மூன்று படியிலும் ஏற்றி, இறக்கி, திருப்பி ஏற்றிக் காட்டினேன். அவர் காலால் விளிம்பைத் தடவிப் பார்த்தார். குழாயைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். நல்ல வேலை என்றார். பிறகு கேட்டார்:

"வெளியிலை எவ்வளவு நீட்டினனீ?"

அப்போது என் கைத்தொலைபேசியில் அந்தக் குளிர்நாட்டுக்காரர் ஒருவர் ஏதோ கேட்டு எழுதியிருந்தார். ஒரு நிரலில் எந்த லேபலுக்குக் கீழே திருத்தம் செய்தோம் என்று கேட்டிருந்தார் என்று நினைக்கிறேன். நான் அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம்தான் அப்பா."

"கொஞ்சமெண்டால்?"

"கொஞ்சமெண்டால் கொஞ்சம்தான். விழமாட்டியள், பயப்பிடாதேங்கோ."

"ஓம்" என்றார். கடைசிப் படியில் சிறிது நேரம் நின்றார். ஒழுங்கைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய்விட்டார். நான் குளிர்நாட்டுக்காரருக்கு எழுதிய பதிலில் லேபலின் பெயர், வரியின் எண் எல்லாம் துல்லியமாக இருந்தன.

அடுத்த நாள் காலை அவர் மூன்று படியும் அழகாக இறங்கிப் போனதை யன்னலால் பார்த்தேன். உதடு அசைந்தது. கேற்றைத் தாண்டினார். நான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன். அது கொதிக்குமுன் மீன் விற்கிற ஒரு மனிசி தலையில் பெட்டியோடு கேற்றடியில் வந்து நின்று கூப்பிட்டாள்.

"பிள்ளை, ஓடி வா. கொப்பர் கானுக்கை விழுந்து கிடக்கிறார்."

எங்கள் ஒழுங்கையின் இடப்பக்கம் மழைத்தண்ணீர் ஓடுகிற கான் இருக்கிறது. இடுப்பளவு ஆழம், திறந்தபடி. ஓர் இடத்தில் மட்டும் கடந்து றோட்டுக்கு ஏறுவதற்குக் கொங்கிறீற் மூடி போட்டிருக்கிறது. அப்பா அந்த மூடியால்தான் இடப்பக்கம் திரும்பிக் கடப்பார். நாலு வருடமாக ஒரு நாளும் பிசகினதில்லை. அன்றைக்கு மூடியைத் தாண்டி இரண்டு காலடி போய்த் திரும்பியிருந்தார். நான் போனபோது கானுக்குள் ஒரு பக்கமாகக் கிடந்தார். கத்தவில்லை. வலி எப்படி என்று கேட்டதற்கு, சாறத்தைச் சரியாக இழுத்துவிடு என்றார்.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. அறுவைச் சிகிச்சைக்கு இதயம் தாங்காது என்று வைத்தியர் சொன்னார். தானாக எவ்வளவு ஒட்டுமோ அவ்வளவுதான், எழும்பி நடப்பார் என்று எதிர்பார்க்கவேண்டாம் என்றார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்காமல் கட்டிலின் காலைப் பார்த்தார். நல்ல மனிதர்.

மூன்றாம் நாள் எனக்குக் கோபம் வந்தது. எனக்குத் துக்கம் வந்தால் அது கோபமாகத்தான் வரும். ஆசுபத்திரி விடுதியில் பக்கத்துக் கட்டில்காரர்கள் கேட்கும்படி அப்பாவிடம் கேட்டேன்.

"ஒவ்வொரு நாளும் போற வழி. மூடியைத் தாண்டி ஏன் போனனீங்கள்? தடியைக் கொண்டு போங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

அவர் கூரைப் பக்கம் முகத்தை வைத்தபடி சொன்னார்.

"கடைசிப் படியிலையிருந்து நாப்பத்தாறு காலடி. நாப்பத்தாறிலை இடப்பக்கம் திரும்பவேணும். நீ கொஞ்சம் நீட்டினதெண்டனீ. நான் ஒண்டு கழிச்சனான்."

அதில் குற்றச்சாட்டு இல்லை. எடை போட்டதில் பிசகிவிட்டது என்று சந்தையில் ஒருவரிடம் சொல்வது போலச் சொன்னார்.

"எண்ணித்தான் நடக்கிறியள் எண்டு ஒரு நாளும் சொல்லேல்லையே அப்பா."

"சொல்லுற விசயமோ அது? சந்தையிலை போய் எண்ணி எண்ணி நடக்கிறன் எண்டு சொல்லச் சொல்லுறியோ?"

நான் விறாந்தைக்கு வந்து சுவரோடு நின்றேன். செபமாலை இல்லை. நாலு வருடமாக அவர் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். கேற் எத்தனை, மூடி எத்தனை, தேவாலய மதில் எத்தனை, சந்தை எத்தனை. ஓர் இடத்துக்கும் அவரிடம் அடையாளம் இல்லை. ஒன்றிலிருந்து அடுத்தது எவ்வளவு தள்ளி என்பது மட்டும்தான் இருந்தது. நான் அவர் புறப்படுகிற இடத்தை நகர்த்திவிட்டேன். அவர் எவ்வளவு என்று கேட்டார். ஒரு முறை இல்லை, இரண்டு முறை கேட்டார். ஓர் எண்தான் அவருக்கு வேண்டியிருந்தது. நான் கொஞ்சம் என்றேன். நிரலில் இப்படி நடந்தால் பாய்ச்சல் குறைவாக விழும், அப்பாவுக்குக் கூடிப்போனது. அதைக்கூட அந்த விறாந்தையில் நின்று என் மூளை திருத்திக்கொண்டிருந்தது. என்னை எனக்கே அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு உடுப்பிட்டிக்காரி அவரைப் பார்க்க வந்தாள். இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அப்பாவோடு இருந்து மீனைப் பற்றி ஏதோ கதைத்துச் சிரிக்கவும் வைத்தாள். போகும்போது வாசலில் நின்றாள். புதுச் சீமெந்து இன்னும் நிறம் மாறவில்லை. பழைய நிலம் முடிந்து புதியது தொடங்கும் இடம் கோடு போட்டதுபோல் தெரிந்தது. அவள் அந்தக் கோட்டைப் பார்த்தாள். பிறகு கேற்றைப் பார்த்தாள், ஒழுங்கையைப் பார்த்தாள், தூரத்தில் மூடியைப் பார்த்தாள். அவள் கெட்டிக்காரி. கேட்டாள்.

"அக்கா, ஐயா எப்பிடி விழுந்தவர்?"

"தண்ணி கிடந்தது. வழுக்கிப்போட்டுது" என்றேன்.

அந்தக் கிழமை மழையே இல்லை. அது அவளுக்கும் தெரியும். அவர்கள் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த கிழமை அது. அவள் ஓம் என்று தலையாட்டிவிட்டு மூன்று படியையும் இறங்கிப் போனாள். அன்றைக்கு அலுவலகத்தில் நான் அவளுக்குச் சொன்னதை எனக்குத் திருப்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், அது நன்றாக இருந்திருக்கும். அவள் சொல்லவில்லை, நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. தாள் அதே சுவரில், அதே கோட்டோடு இருக்கிறது. இப்போது எங்கள் வேலை, பழைய நிரல்களில் உள்ள *+ எல்லாவற்றையும் தேடி லேபல் வைப்பது. நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நான் ஒவ்வொன்றாகப் பெயர் வைத்துக்கொண்டு போகிறேன். இன்னும் இரண்டு வருடத்தில் அந்த நிறுவனம் இந்த நிரல்கள் முழுவதையும் தூக்கி எறிந்துவிட்டு வேறு கணினிக்குப் போகப்போகிறது. அதுவும் எங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வைக்கிறோம்.

ஒரு சனிக்கிழமை நான் நாடாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். பழைய கடைசிப் படி இருந்த இடத்திலிருந்து புதிய கடைசிப் படிவரை அளந்தேன். நாலரை அடி. அப்பா காலைக் குறுக்கி வைத்து நடக்கிறவர். அவர் நடப்பது போலவே நானும் கண்ணை மூடிக்கொண்டு காலடி வைத்துப் பார்த்தேன். மூன்று காலடி. அளக்க எடுத்த நேரம் ஒரு நிமிடத்துக்குக் குறைவு.

உள்ளே போய் அவரிடம் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. பிழையான எண்ணோடு அவர் கிடக்கக்கூடாது என்று நினைத்திருக்கலாம்.

"மூண்டு, அப்பா. மூண்டு கழிக்கவேணும்."

"மூண்டோ" என்றார். "நான் ஒண்டெண்டு நினைச்சன்."

அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. சந்தையில் அவருடைய பெட்டியை நிமிர்த்தி மீன் போட எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அவரிடம் சொல்லவில்லை. அவரும் சந்தையைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. சாப்பாடு குறைந்துவிட்டது. முதுகில் புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தங்கச்சியும் நானும் மாறிமாறிப் புரட்டிவிடுகிறோம், ஆனாலும் வரத் தொடங்கிவிட்டது. பங்குச்சுவாமி வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போகிறார். படுக்கையிலும் மனிதர் விடாமல் செபம் சொல்கிறார் என்று வெளியில் வந்து என்னிடம் சந்தோசப்பட்டார். நான் ஓம் சுவாமி என்றேன்.

காலை ஆறு மணிக்கு நான் தேத்தண்ணியோடு கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பேன். அவர் முழித்திருப்பார். உதடு அசையும். குனிந்து காதை வைத்தால் கேட்கும், மெதுவாக, ஒரே வேகத்தில், ஒன்றிலிருந்து. முதலில் நாற்பத்தைந்துவரை போவார் என்று நினைத்தேன். இல்லை. நாற்பத்துமூன்றில் நிறுத்துகிறார். நிறுத்திவிட்டு முகத்தை இடப்பக்கம் திருப்புகிறார். அந்தப் பக்கம் சுவர்.